மதகு ஒருவருக்கு, மண் இன்னொருவருக்கு: ஊர் ஏரிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் மதகு இரண்டு பருவமாக அடைபட்டுக் கிடக்கிறது. உபரி நீர் வெளியேறும் கலங்கலை ஒட்டி ஒருவர் மண் கொட்டி மேடாக்கி வருகிறார். ஊராட்சி அலுவலகத்தில் நீர்வளத்துறைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே தாசில்தாரைக் கை காட்டுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் ஊராட்சிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கரையோரக் குடியிருப்புகள் எல்லாமே ஆக்கிரமிப்பு என்றும், பணம் கொடுத்தால் ஆட்சியர் உத்தரவே வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். உண்மையில் யார் பொறுப்பு? (திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: நீங்கள் போகாத நான்காவது அலுவலகம் ஒன்று இருக்கிறது. பொதுவாக 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) உள்ள ஏரியின் கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றை நீர்வளத்துறை பராமரிக்கிறது. அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கிராம ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் ஒன்றல்ல. ஆகவே, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கணக்கில் உங்கள் ஏரியின் ஆயக்கட்டுப் பரப்பை முதலில் கேட்டறியுங்கள்; 100 ஏக்கருக்குள் இருந்தால் மதகுக்கான மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும்.

மண் கொட்டுவது வேறு விஷயம், ஏனென்றால் ஏரி நிலம் வருவாய்க் கணக்கில் அரசுப் புறம்போக்கு. நீர்வளத்துறை ஏரியானால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அத்துறை அதிகாரிகளே ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். அந்தச் சட்டம் ஊராட்சி ஒன்றிய ஏரிக்குப் பொருந்தாது. அங்கே தாசில்தார்தான் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவில் அறிவிப்பு கொடுத்து, 6-ஆம் பிரிவில் வெளியேற்ற வேண்டும். ஒரே தண்ணீருக்கு இரண்டு சட்டம், மூன்று நாற்காலி! இன்ன ஏரிக்கு இன்ன அலுவலர் என்று கரையில் ஒரு பலகை நட்டால் உங்கள் அலைச்சலில் பாதி தீர்ந்துவிடும். அதை நட வேண்டியவர் யார் என்பதற்கே தனியாக ஒரு கோப்பு ஓடும்.

பணம் கேட்பவரிடம் விலகியே இருங்கள். இத்தகையவர்கள் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். உங்களிடம் அகற்றித் தருகிறேன் என்பவரே மண் கொட்டுகிறவரிடம் போய், "பி மெமோ போடச் சொல்லுங்கள், சில வருடம் கட்டினால் பட்டா" என்பார். பி மெமோ என்பது அரசு நிலத்தில் அத்துமீறி இருக்கிறீர்கள் என்று எழுதித் தண்டம் விதிக்கும் தாள். அந்த ரசீதுகளை நெகிழி உறையில் போட்டு, பத்திரம் போலப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பணம் கட்டிச் சேர்த்தது தங்களுக்கு எதிரான சாட்சியம். நீர்நிலை ஆட்சேபகரமான புறம்போக்கு, அதாவது யாருக்கும் ஒதுக்கக் கூடாத அரசு நிலம். எத்தனை ரசீது இருந்தாலும் அதில் பட்டா கிடையாது.

கரையோர வீடுகளை மட்டும் அவசரப்பட்டு இதில் சேர்க்காதீர்கள். அவை கிராம நத்தத்தில் இருக்கலாம். நத்தம் என்பது ஊரார் குடியிருக்க ஒதுக்கப்பட்ட இடம். அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவரின் மனை அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நத்தம் ஏரியை ஒட்டியிருப்பதாலேயே ஏரி ஆகிவிடாது. நத்தத்துக்காரர் கொல்லைப்புறத்தை ஏரிக்குள் நீட்டியிருந்தால் நீட்டிய பகுதி நத்தமும் ஆகிவிடாது. இரண்டையும் பிரிப்பது புல எண்ணும் அளவையும்தான், பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சொல் அன்று. ஒவ்வொரு புல எண்ணின் விவரமும் உள்ள வருவாய்க் கணக்கான 'அ' பதிவேட்டை அரசின் இணையச் சேவைத் தளத்தில் நீங்களே பார்க்கலாம்; குறிப்புப் பத்தியில் ஏரி என்றிருக்கிறதா, நத்தம் என்றிருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்புங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். குறிப்பிட்ட புல எண்ணின் 'அ' பதிவேட்டுப் பக்கம், புலப்பட நகல், அந்த ஏரியின் பராமரிப்பு எந்த அலுவலகத்திடம் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணத்தின் நகல், 7-ஆம் பிரிவு அறிவிப்பு ஏதும் கொடுக்கப்பட்டிருந்தால் அதன் நகல் என்று தாள்களாகவே கேளுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், உங்களை அலையவிடாமல், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.