ஸ்மால் ஃபார்வர்ட் பையனிடம் கோல் கணக்கு மட்டும் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் மெல்பர்னில் வசிக்கிறோம். மகனுக்கு 14 வயது. சின்ன வயதிலிருந்தே உள்ளூர் கிளப்பில் ஃபூட்டி (ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து) ஆடுகிறான். போன வருடம் வரை மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தவனை, புதிதாக வந்த கோச், கோலுக்கு அருகே ஆடும் ஸ்மால் ஃபார்வர்டாக மாற்றிவிட்டார். அணியிலேயே குள்ளமானவன் என்பதால் ஓரங்கட்டிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. ஆட்டம் முழுக்க ஓடுகிறான், பந்து கைக்கு வருவதே அபூர்வம். பல வாரங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கோச் அவனைத்தான் பாராட்டுகிறார். காரில் ஏறியதும் என் கணவர் “இன்னைக்கு எத்தனை கோல்?” என்று கேட்பார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். நாங்கள் இருவருமே கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஃபார்வர்ட் என்றால் கோல் போட வேண்டாமா? கோச்சிடம் பேசி இடத்தை மாற்றச் சொல்லலாமா, இல்லை கிளப்பையே மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், மெல்பர்ன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குக் கிளப்பை மாற்ற வேண்டாம். கோச்சிடம் பேசத்தான் வேண்டும். என்ன பேசுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பதிலை உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகன் செய்யும் வேலையும் அவர் எதிர்பார்க்கும் வேலையும் வேறு வேறு. அவர் எதிர்பார்ப்பதில் தவறில்லை, ஒரு காலத்தில் அதுதான் ஸ்மால் ஃபார்வர்டின் வேலையாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஆட்டம் இப்படி நடக்கும். கோலுக்கு நேர் முன்னே நிற்கும் உயரமான ஃபுல் ஃபார்வர்டை நோக்கி பந்து மேலே வரும். நாலைந்து பேர் சேர்ந்து எகிறுவார்கள். யாரும் மார்க் பிடிக்காவிட்டால், அதாவது உதைத்த பந்தைத் தரையில் படுமுன் கையில் பிடிக்காவிட்டால், பந்து கீழே சிதறும். காலடியில் காத்திருக்கும் குட்டையான ஆள் அதைப் பொறுக்கி, திரும்பிய வேகத்திலேயே கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார். அவரை க்ரம்பர் என்பார்கள். அதற்கும் முன்னால் அந்த ஃபார்வர்ட் பாக்கெட் (கோலுக்குப் பக்கவாட்டு மூலை), பந்தைத் தேடி மைதானமெங்கும் போகும் ரோவர் ஓடிக் களைத்தால் இளைப்பாறும் இடமாகத்தான் இருந்தது. 1978-இல் இன்டர்சேஞ்ச் (வீரர்களை மாற்றி மாற்றி இறக்கும் முறை) வரும்வரை, வெளியே போன வீரர் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் மூச்சு வாங்குவதென்றாலும் மைதானத்துக்குள்ளேயேதான் வாங்க வேண்டும். கோலுக்கு அருகே ஒரு மூலையில் நின்று வாங்கினால், போகிற போக்கில் ஒன்றிரண்டு கோலும் கிடைக்கும்.

ரிச்மண்ட் கிளப்பின் கெவின் பார்ட்லெட் அப்படி ரோவராகத் தொடங்கியவர். 1965 முதல் 1983 வரை 403 ஆட்டங்கள், 778 கோல்கள். 1980 கிராண்ட் ஃபைனலில் (சீசனின் இறுதிப்போட்டியில்) தனியாளாக ஏழு கோல் போட்டு, ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தையும் வாங்கினார். கோலிங்வுட்டின் பீட்டர் டைக்கோஸ் 1990-இல் ஒரே சீசனில் 97 கோல் போட்டார். நம் காலத்தில் எடி பெட்ஸ்: 350 ஆட்டங்கள், 640 கோல்கள். அடிலெய்ட் ஓவலில் அவர் கோணல் கோணலாக உதைத்துக் கோலாக்கிய மூலையை ரசிகர்கள் ‘எடி பெட்ஸ் பாக்கெட்’ என்றே அழைக்கிறார்கள். இவர்களைப் பார்த்த யாருக்கும் ஸ்மால் ஃபார்வர்ட் என்றால் கோல்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம் என்ன மாறியது? முக்கியமாக, எதிரணியின் பின்வரிசை மாறியது. முன்பு டிஃபெண்டரின் வேலை பந்தைத் தட்டி விலக்குவதோடு முடிந்துவிடும். இப்போது பல அணிகளில் தாக்குதலைத் தொடங்குவதே பின்வரிசையிலிருக்கும் நல்ல உதைகாரர்கள்தான். பந்தைப் பிடித்ததும் அவர்கள் நிதானமாகத் தலைநிமிர்ந்து பார்த்து, ஆளில்லாத இடத்துக்கு உதைக்க விட்டால், சில நொடிகளில் பந்து மறுமுனைக்குப் போய்விடும். அதைத் தடுக்க மிக அருகில் இருப்பவர் யார்? உங்கள் மகன் மாதிரி ஸ்மால் ஃபார்வர்டுதான். எதிராளியின் உதை அவசரப்பட்டால் பந்து தவறிப்போகும், அதுவும் கோலுக்குப் பக்கத்திலேயே. எதிரணி வீரர்கள் தாக்குதலுக்காக மைதானம் முழுக்க விரிந்திருக்கும் நேரம் அது. இன்றைய ஆட்டத்தில் மிக எளிதான கோல்கள் அந்த நொடியில்தான் விழுகின்றன.

இதில் விதியும் உதவி செய்கிறது. பந்தை விடுவிக்க வாய்ப்பிருந்தும் விடாமல் டேக்கிளில் (எதிராளி கட்டிப்பிடித்து நிறுத்துவதில்) சிக்கிக்கொண்டால், டேக்கிள் செய்தவருக்கு ஃப்ரீ கிக். கோலிலிருந்து 30 மீட்டரில் அப்படிப் பிடித்தால் அதுவே நேரடிக் கோல் வாய்ப்பு. துரத்துவதும் கோல் போடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகளாகிவிட்டன.

2008-ஐ நான் ஒரு திருப்பமாகப் பார்க்கிறேன். அந்த ஆண்டு ஹாதார்னின் லான்ஸ் ஃபிராங்க்ளின் 113 கோல் போட்டார். அதற்குப் பிறகு இதுவரை யாரும் ஒரு சீசனில் 100 கோலைத் தொடவில்லை. அதே அணியில் அதே ஆண்டு அறிமுகமான பையன் சிரில் ரியோலி. கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் வீரர்கள் பலருக்கு நடுவே ஒற்றையாளாக நின்று, ஒருவர் பின் ஒருவராகத் துரத்தி, டேக்கிள் செய்து ஃப்ரீ கிக் வாங்கிய காட்சியை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதில் கோலே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2015-இல் அவரும் நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார்.

உங்கள் கணவர் அவசியம் தேடிப் பார்க்க வேண்டிய ஆட்டம் 2017 கிராண்ட் ஃபைனல். பார்ட்லெட் ஏழு கோல் போட்ட 1980-க்குப் பிறகு ரிச்மண்ட் 37 ஆண்டுகள் கோப்பையே காணவில்லை. கோச் டேமியன் ஹார்ட்விக்கிடம் அந்த வருடம் உயரமான முழுநேர ஃபார்வர்டு என்று சொல்ல ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். ‘எங்களிடம் உயரம் இல்லையே’ என்று புலம்பாமல், அதைச் சுற்றியே திட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். டேன் பட்லர், ஜேசன் கஸ்டேன்யா, டேனியல் ரியோலி போன்ற குட்டையான, சளைக்காத பையன்கள் ரீவோல்டைச் சுற்றி நின்றார்கள். ரீவோல்ட் மார்க் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எதிராளியைப் பிடிக்க விடாமல் பந்தைத் தரையில் இறக்கினால் போதும். இறங்கிய பந்தின் மேல் இவர்கள் பாய்வார்கள். எதிரணி எடுத்துவிட்டால் விடாமல் துரத்துவார்கள்.

எதிரே நின்றது புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்த அடிலெய்ட். அந்த அணியில் எடி பெட்ஸ் இருந்தார், சார்லி கேமரன் இருந்தார். கோல் போடுவதில் அப்போது அவர்களுக்கு இணையான ஸ்மால் ஃபார்வர்டுகளைக் காண்பது கடினம். ஆனால் ரிச்மண்ட் 48 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பந்தைத் தங்கள் பகுதியை விட்டு வெளியேற்ற முடியாமல் அடிலெய்ட் பின்வரிசை திணறியதைப் பார்த்தால், உங்கள் மகனை கோச் ஏன் பாராட்டுகிறார் என்பது புரிந்துவிடும்.

கிரிக்கெட் பார்த்தவர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு முனையில் ரன்னே கொடுக்காமல் ஓவர் ஓவராகக் கட்டிப்போடும் பந்துவீச்சாளர் இருப்பார். பொறுமை இழந்த பேட்ஸ்மேன் மறுமுனையில் அவுட் ஆவார். விக்கெட் அடுத்தவர் கணக்கில் ஏறும். உங்கள் மகன் அந்த முதல் பந்துவீச்சாளரின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான்.

உடம்பளவில் இது கடினமான வேலை. கோலை விட்டு விலகி, ஆட்கள் கூடும் இடத்துக்கு ஓடிப்போய் உதவி செய்துவிட்டு, பந்து திரும்பியதும் கோல் பக்கம் மறுபடி ஓடிவர வேண்டும். தேசிய லீக்கான ஏஎஃப்எல்லிலோ இன்டர்சேஞ்ச் மாற்றங்களுக்கு, ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு இத்தனை என்று, 2014-இல் முதன்முதலாக 120 என்று வரம்பு வந்தது. 2016-இல் அது 90 ஆகி, 2021-இல் 75-க்கு இறங்கியது. வெளியே போய் ஓய்வெடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போக, ஓட்டம் மட்டும் குறையவில்லை. ஒரு காலத்தில் இளைப்பாறப் போன மூலை, இன்று அணியிலேயே அதிகம் ஓட வைக்கும் இடங்களில் ஒன்று. “ஆட்டம் முழுக்க ஓடுகிறான், பந்து வருவதே இல்லை” என்று நீங்கள் குறையாக எழுதியதை நான் நல்ல சாட்சியாகத்தான் வாசிக்கிறேன்.

அதற்காக கோலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022-இல் ஜீலாங்கின் டைசன் ஸ்டெங்கில், முந்தைய கிளப் விடுவித்துவிட்ட வீரர், கிராண்ட் ஃபைனலில் நான்கு கோல் போட்டார். அடுத்த ஆண்டு கோலிங்வுட் நான்கே புள்ளியில் ஜெயித்த கிராண்ட் ஃபைனலில் பாபி ஹில்லுக்கும் நான்கு கோல், கூடவே நார்ம் ஸ்மித் பதக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து மீண்டிருந்தார். துரத்தத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். துரத்திப் பறித்த பந்தைக் கோலாக்கவும் தெரிந்தவர்தான் மேல்மட்டத்தில் நிலைக்கிறார். எனவே வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் உங்கள் கணவர் அவனோடு பயிற்சி செய்யட்டும். முழு வேகத்தில் ஓடிவந்து தரையில் கிடக்கும் பந்தை ஒரே முயற்சியில் எடுப்பது, எடுத்த கையோடு உடம்பைத் திருப்பி ஸ்னாப் அடிப்பது, இரண்டு காலாலும் அடிப்பது. அப்பாவுக்கு ஃபூட்டி தெரியாவிட்டாலும் பந்தை உருட்டிவிடத் தெரிந்தால் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பெட்ஸ், ரியோலிகள், கேமரன், ஸ்டெங்கில், ஹில் என்று நான் குறிப்பிட்டவர்களில் பலர் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர். இவர்கள் ஆட்டத்தை வர்ணிக்கும்போது ‘மாயாஜாலம்’, ‘பிறவித் திறமை’ என்ற சொற்கள் உடனே வந்துவிடும். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சொற்கள் அவர்களின் உழைப்பையும் ஆட்ட அறிவையும் மறைத்துவிடுகின்றன. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து ஓடுவது படித்துப் படித்து வருகிற அறிவு. உங்கள் மகனுக்கு இவர்களின் ஆட்டங்களைக் காட்டினால், கோல் விழும் நொடியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பத்து நொடியைக் காட்டுங்கள்.

உயரம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். குட்டையானவன் என்பதால் அங்கே நிறுத்தியிருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது ஓரங்கட்டல் இல்லை. 168 செ.மீ. உயரமுள்ள கேலப் டேனியல், 2016-இல் கோப்பை வென்ற வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியில் ஆடினார். பிறகு பின்வரிசையிலிருந்து பந்தை வழிநடத்துபவராகவே மாறினார்.

சரி, கோச்சிடம் என்ன பேசுவது? 14 வயதில் ஒரு பையனை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. அவன் இன்னும் வளரலாம், ஆட்டமும் மாறலாம். ரிச்மண்டின் அந்த டேனியல் ரியோலி மூன்று கோப்பைகளை ஃபார்வர்டாக வென்றுவிட்டு பின்வரிசையில் ஹாஃப் பேக் இடத்துக்குப் போனார், இப்போது கோல்ட் கோஸ்டில் இருக்கிறார். மெல்பர்ன் கிளப்பின் கைசாயா பிக்கெட் 2021-இல் ஸ்மால் ஃபார்வர்டாகக் கோப்பை வென்றவர், 2025-இல் மிட்ஃபீல்டில் அதிகம் ஆடினார். எனவே ‘ஏன் மாற்றினீர்கள்’ என்று தொடங்காமல், ‘ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்ச நேரம் மிட்ஃபீல்டும் கிடைக்குமா’ என்று கேளுங்கள். அவனிடம் என்ன எதிர்பார்க்கிறார், எதைப் பார்த்துப் பாராட்டுகிறார் என்பதையும் விளக்கச் சொல்லுங்கள். டேக்கிள் செய்யும்போது தலையை எங்கே வைக்க வேண்டும் என்று முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். தன்னைவிடப் பெரிய பையன்களை நாள் முழுக்க டேக்கிள் செய்கிறவனுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் நீங்கள் இருவரும் கோல் கம்பங்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஒரு குவார்ட்டர் மட்டும் பந்தைப் பார்க்காமல் மகனையே பாருங்கள். எதிரணிப் பையன் பந்தை எடுத்ததும் இவன் எந்தப் பக்கத்தை அடைக்கிறான், அந்தப் பையன் அவசரமாக உதைத்தானா, பந்து எல்லைக்கு வெளியே போனதா என்று கவனியுங்கள். காரில் உங்கள் கணவர் அதில் ஒன்றைச் சொல்லட்டும்: “அந்த மூன்றாவது குவார்ட்டர்ல நீ துரத்தினதுலதான் அவன் பந்தைத் தவறவிட்டான், பார்த்தேன்டா.” கோல் எத்தனை என்று அவனே சொல்வான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: அவனுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறதா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது அந்த இடம் பிடிக்காததாலா, அப்பாவின் கேள்வியாலா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். கோச்சிடம் போவதற்கு முன் அவனிடம் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதை கோச்சிடம் அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சொன்ன பிறகும் சீசன் முடியும்வரை அவர் காது கொடுக்கவில்லை என்றால், அப்போது கிளப்பை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.