பாஸை மறைத்துவைத்து மெயில் அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் கஸ்டமர் சர்வீஸில் இருக்கிறேன். கூட வேலை செய்பவர் ஒருவர் எனக்கு என்ன மெயில் எழுதினாலும், ஒரு டெலிவரி ஆர்டர் (டிஓ) நம்பர் கேட்பதற்குக்கூட, எங்கள் மேனேஜருக்கு சிசி (எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பிரதி) போட்டுவிடுகிறார். நான் வேலையே பார்க்காதவள் மாதிரி ஆகிவிடுகிறது. பேசாமல் நானும் அவருக்கு எழுதும் மெயில்களில் மேனேஜரை பிசிசியில் (மற்றவர்களுக்குப் பெயர் தெரியாத மறைமுகப் பிரதியில்) போட்டுவிடலாமா? மேனேஜருக்கு விவரம் போய்விடும், போட்டது இவருக்குத் தெரியவும் தெரியாது. (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: வேண்டாம் தங்கச்சி. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் இந்த வழி உங்களைத்தான் மாட்டிவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் மேனேஜர் காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போனில் மெயில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பெயர் சிசியில் இருக்கிறதா, பிசிசியில் இருக்கிறதா என்றெல்லாம் அந்த நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். 'ரிப்ளை ஆல்' தட்டி, "சரி, இன்றைக்குள் முடித்துவிடுங்கள்" என்று ஒரு வரி அனுப்புவார். அது நேராக உங்கள் சக ஊழியருக்கும் போகும். பிசிசியில் இருப்பவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்தால் அனுப்பியவருக்கும், டூ, சிசி இரண்டிலும் உள்ள அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். சில அலுவலகங்களின் அவுட்லுக்கில், உங்கள் முகவரி மறைக்கப்பட்டிருந்தது, எல்லாருக்கும் பதில் போட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கை மேலே வரும். அந்த ஒரு வரியை நம்பியா இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்குவீர்கள்? அன்றைக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்குப் பின்னாலும் இன்னொருவர் ஒளிந்திருக்கிறார் என்றுதான் அவர் நினைப்பார், அவர் மட்டுமில்லை, அவர் சொல்லிக் கேள்விப்பட்ட மற்றவர்களும்.

மாட்டிக்கொள்ளாவிட்டாலும் லாபமில்லை. பிசிசியில் போட்டவருக்குப் போவது அந்த ஒரே ஒரு மெயில்தான். அதற்கு உங்கள் சக ஊழியர் எழுதும் பதில் மேனேஜருக்குப் போகாது, ஏனென்றால் அவருக்குப் போன பிரதியில் மேனேஜரின் பெயரே இல்லை. ஆக, பாதிக் கதை மட்டும் மேனேஜர் கையில் இருக்கும். இன்னொன்று, உங்கள் 'சென்ட்' ஃபோல்டரில் நீங்கள் பிசிசி போட்ட பெயர் அப்படியே இருக்கும், நாளை ஏதாவது தகராறு வந்து கம்பெனி மெயில்களை எடுத்துப் பார்த்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு ஒன்று: இன்றைக்கு இன்னொருவரை இப்படிக் காட்டிக்கொடுப்பவர் நாளைக்குத் தன்னையும் தன் மேலதிகாரியிடம் இப்படித்தான் காட்டுவார் என்று உங்கள் மேனேஜருக்குத் தோன்றாதா?

அவருக்குத் தெரிய வேண்டிய விஷயமென்றால் வெளிப்படையாக சிசியில் போடுங்கள், ஏன் போட்டீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "இந்த வாரம் கன்டெய்னர் இரண்டு நாள் தாமதமாகிறது, கஸ்டமர் கேட்டால் பதில் சொல்ல வசதியாக மேனேஜரையும் சேர்த்திருக்கிறேன்" என்கிற மாதிரி. காரணத்தோடு போட்டால் யாருக்கும் உறுத்தாது. அந்தரங்கமாகச் சொல்ல வேண்டியது என்றால், மெயிலை அனுப்பி முடித்தபின் அதை மேனேஜருக்குத் தனியாக ஃபார்வர்ட் செய்து, மேலே இரண்டு வரி எழுதுங்கள். சக ஊழியர் இதில் இல்லை என்பது மேனேஜருக்கும் தெரியும், அவர் எதைத் தட்டினாலும் பதில் உங்களுக்குத்தான் வரும்.

சரி, அந்த சக ஊழியரை என்ன செய்வது? முதலில், மேனேஜரே "எல்லாவற்றிலும் என்னைச் சேருங்கள்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அப்படிச் சொல்வது உண்டு. இல்லையென்றால் ஒரு நாள் கோப்பி குடிக்கப் போகும்போது நேராகவே கேளுங்கள்: "டிஓ நம்பர் மாதிரி சின்ன விஷயத்தை எனக்கு மட்டும் அனுப்புங்களேன், உடனே பதில் தருகிறேன்." சொன்னபடி உடனே பதிலும் தந்துவிடுங்கள். பதில் வராத பயத்தில்தான் பல பேர் மேலதிகாரியைச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கான வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். விடுமுறை அறிவிப்பை எண்பது பெற்றோருக்கு ஒரே மெயிலாக அனுப்பினேன், எல்லா முகவரியும் 'டூ' பகுதியில். ஒரு பெற்றோர் கடுமையாகத் திட்டி எழுதியிருக்கிறார். இது சட்டப்படி தவறா? (செங்காங் வாசகர்)

பதில்: அந்தப் பெற்றோர் கோபப்பட்டதில் தப்பில்லை தம்பி. அவர் முகவரியைக் கொடுத்தது வகுப்புக்கு, மற்ற எழுபத்தொன்பது குடும்பங்களுக்கு இல்லை. நம் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ல் இயற்றப்பட்டது, அதன் முக்கியப் பகுதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கின்றன. வேலை விஷயமாகத் தரப்படும் அலுவலக முகவரிக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் பெற்றோர் தந்தது சொந்த முகவரி. அந்தச் சட்டத்தில் தொண்டூழியரும் ஊழியர் கணக்கில்தான் வருவார், அதனால் பொறுப்பு வகுப்பை நடத்தும் அமைப்பின் மேல் விழும். இதை நீங்கள் மறைக்காமல் அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, யாருக்காவது கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எண்பது என்பது அந்த எண்ணிக்கைக்கு வராது, இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியது அவர்கள்.

எண்ணிக்கையை விட, அந்தப் பட்டியலில் இருப்பது எதைச் சொல்கிறது என்பதுதான் ஆபத்து. 2015ல் லண்டனில் எச்ஐவி சிகிச்சை தரும் நிலையம் ஒன்று, தன் செய்திமடலை 781 பேருக்கு அனுப்பும்போது முகவரிகளை பிசிசிக்குப் பதில் 'டூ'வில் போட்டுவிட்டது. பெரும்பாலானோரின் முழுப்பெயரும் அதில் தெரிந்தது. வேறு எதுவும் கசியவில்லை, பட்டியலில் பெயர் இருந்ததே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு அதை நடத்திய அமைப்புக்கு 180,000 பவுண்டு அபராதம். உங்கள் வகுப்பு அப்படிப்பட்டதில்லை, ஆனால் எந்தக் குழந்தை சனிக்கிழமை காலை எங்கே இருக்கும் என்பதை ஊருக்கே தெரியவிட விரும்பாத அம்மாக்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: 'டூ'வில் உங்கள் முகவரி, பெற்றோர் எல்லாரும் பிசிசியில். பழைய மெயிலை இணைக்காமல் புதிதாக எழுதி மன்னிப்புக் கேளுங்கள், முந்தைய மெயிலை அழித்துவிடும்படியும் அந்த முகவரிகளை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் 'ரீகால்' செய்து, அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற்றுப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், அது ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான் வேலை செய்யும், ஜிமெயில் முகவரிக்குப் போனது போனதுதான். ஜிமெயிலிலிருந்து அனுப்புவதாக இருந்தால், அனுப்பியதைத் தடுக்கும் நேரத்தை செட்டிங்ஸில் 30 விநாடிக்கு மாற்றிவையுங்கள், அதற்கு மேல் அதிலும் இடமில்லை.

ஆனால் பிசிசியை நிரந்தரத் தீர்வாக நினைக்க வேண்டாம். அவுட்லுக்கில் அந்தப் பெட்டியை நாமாகத் திறந்தால்தான் கண்ணுக்கே தெரியும். வேலை முடிந்து களைத்துப்போய் இரவு பத்து மணிக்கு உட்காரும் ஒரு தொண்டூழியர் ஒவ்வொரு தடவையும் சரியான பெட்டியில் ஒட்டுவார் என்று எண்பது குடும்பங்களின் விவரத்தை ஒப்படைக்கக் கூடாது. எக்செல் பட்டியலை வைத்து 'மெயில் மெர்ஜ்' செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மெயில் தனித்தனியாகப் போகும், பிள்ளையின் பெயரையும் போட்டு அனுப்பலாம், 'ரிப்ளை ஆல்' என்ற பேச்சே இல்லை.

கேள்வி: பழைய நண்பர் ஒருவர் மெயிலில் என்னை ஒரு நிறுவன மேலாளரிடம் வேலைக்காக அறிமுகம் செய்துவைத்தார். பதில் எழுதும்போது நண்பரை பிசிசிக்கு மாற்றலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தாராளமாக. "அறிமுகத்துக்கு நன்றி, இனி உங்களைத் தொந்தரவு செய்யாமல் பிசிசிக்கு மாற்றிவிடுகிறேன்" என்று முதல் வரியில் நண்பருக்கு எழுதிவிட்டுத்தானே மாற்றப்போகிறீர்கள். மேலாளரும் அதைப் படிப்பார், ஒளிவு எதுவும் இல்லை. நீங்கள் தொடர்புகொண்டுவிட்டீர்கள் என்பது நண்பருக்குத் தெரிந்துவிடும், எந்த நாள், எந்த நேரம், எந்த மாடி என்று வரும் பத்து மெயிலிலிருந்து அவர் தப்பித்துக்கொள்வார். நேர்முகத் தேர்வு என்ன ஆனது என்று மட்டும் அப்புறம் அவருக்குத் தனியாக எழுதிச் சொல்லுங்கள், ஏனென்றால் மேலாளர் போடும் பதில் எதுவும் இனி அவருக்குப் போகாது.