வில்பர் சாண்டர்ஸ்: தெருவில் நடந்த விசாரணையும் செனட் நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மொன்டானாவில் சட்டத்தை ஊன்றியவர்களில் ஒருவர் என்று வில்பர் சாண்டர்ஸைச் சொல்லியிருந்தீர்கள். கும்பலைக் கூட்டி மூன்றே நாளில் ஒருவனைத் தூக்கில் போட்டவர்தானே அவர்? செனட்டரான பிறகும் ஏன் மூன்றே ஆண்டு?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்லும் விசாரணை வேறு, அதன் பிறகு நடந்தது வேறு. இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவது சாண்டர்ஸுக்கு வசதியாகப் போயிற்று.

இன்று மொன்டானாவில் இருக்கும் ஆல்டர் கல்ச் தங்க வயல்கள் 1863 டிசம்பரில் ஐடஹோ பிரதேசத்தில் இருந்தன. பிரதேசம் என்றால் இன்னும் மாநிலமாகாத பகுதி. தலைநகர் லூயிஸ்டன் மலைகளுக்கு அப்பால். சாண்டர்ஸின் மாமா சிட்னி எட்ஜர்டனை லிங்கன் தலைமை நீதிபதியாக அனுப்பியிருந்தார். ஆனால் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவே அங்கே ஆள் இல்லை. ஆகவே சுரங்கக்காரர்களின் பொதுக்கூட்டம்தான் நீதிமன்றம்.

நிக்கலஸ் டீபோல்ட் என்ற இளைஞனைக் கொன்றதாக ஜார்ஜ் ஐவ்ஸ் மீது குற்றச்சாட்டு. டிசம்பர் 19 முதல் 21 வரை, நெவாடா சிட்டி தெருவில், கடுங்குளிரில் தீ மூட்டிக்கொண்டு விசாரணை நடந்தது. வண்டிதான் நீதிபதியின் மேடை. 29 வயது சாண்டர்ஸ் குற்றம்சாட்டும் தரப்பில் வாதாடினார். ஐவ்ஸுக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஐவ்ஸின் கூட்டாளி ஒருவனே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னான். ஜூரியில் 24 பேர், நெவாடா சிட்டியிலிருந்து 12, ஜங்ஷன் என்ற ஊரிலிருந்து 12. 23 பேர் குற்றவாளி என்றார்கள், ஒருவர் சேரவில்லை.

சிக்கல் அங்கேதான். வழக்கமான ஜூரியில் அந்த ஒருவரே தீர்ப்பைத் தடுத்திருப்பார். இங்கோ ஜூரி சொன்னது பரிந்துரை மட்டுமே, முடிவு கூட்டத்தின் கையில். சாண்டர்ஸ் முதலில் ஜூரியின் முடிவை ஏற்கச்சொல்லித் தீர்மானம் போட்டார். அது நிறைவேறியதும், உடனே தூக்கிலிட வேண்டும் என்று அடுத்ததைப் போட்டார். விடியும்வரை அவகாசம் கேட்டான் ஐவ்ஸ். கூரைமேல் இருந்த பைட்லர் என்பவர், "அந்த டச்சுக்காரனுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தான் என்று கேளுங்கள்" என்று டீபோல்டைச் சொல்லிக் கத்தினார். அவகாசம் கொடுத்திருந்தால் இரவில் கூட்டம் கலைந்திருக்கும், ஐவ்ஸின் ஆட்கள் அவனை மீட்டிருப்பார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

குறையுள்ள விசாரணைதான். ஆனால் எதிர்வாதமும் சாட்சியும் எல்லோர் கண்முன்னும் நடந்தன. ஓரிரு நாளில் உருவான, சட்டத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டவர்களின் கண்காணிப்புக் குழுவில் இவை எதுவும் கிடையாது. சில வாரங்களில் சுமார் 20 பேரைத் தூக்கிலிட்டார்கள். பானக் என்ற ஊரில் ஷெரிஃபாக (காவல் தலைவராக) இருந்த ஹென்றி பிளம்மரும் அதில் ஒருவர். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் சாண்டர்ஸும் உண்டு. அவரைக் குற்றம் சொல்வதென்றால் அதற்காகச் சொல்லுங்கள்.

சட்டத்தை ஊன்றினார் என்று நான் எழுதியது வேறொன்றை மனதில் வைத்து. 1864-இல் மொன்டானா தனிப் பிரதேசமானது. முதல் சட்டமன்றம், அடுத்த தேர்தலுக்கான தொகுதிப் பங்கீட்டை முடிக்காமலே கலைந்தது. தற்காலிக ஆளுநர் தாமஸ் மீகர் 1866-இல் தம் பொறுப்பில் சட்டமன்றக் கூட்டங்களைக் கூட்டினார். அவை செல்லாது என்று சாண்டர்ஸ் வாஷிங்டன் போய் வாதாடினார். 1867 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அந்தக் கூட்டங்கள் இயற்றிய சட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. சாண்டர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், கூடிய சபையோ ஜனநாயகக் கட்சியின் கையில். கட்சிக் கணக்கு இல்லாமல் இருக்குமா? ஆனாலும் அவர் வாதம் சரிதான்.

பிரதேச மக்களுக்கு வாஷிங்டனில் வாக்குரிமையில்லாத ஒரே ஒரு பிரதிநிதி. அந்த இடத்துக்கு 1864, 1867, 1880, 1886 என நான்கு முறை நின்று நான்கிலும் தோற்றார். பிரதேச சட்டமன்றத்தில் மட்டும் 1870-களில் இடம் கிடைத்தது.

மூன்றே ஆண்டு ஏன் என்றால்: 1889 நவம்பரில் மொன்டானா மாநிலமானது. அப்போது செனட்டரை மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். சில்வர் போ கவுண்டியில் ஒரு வாக்குச்சாவடியின் முடிவு பற்றிய சண்டையில் கீழவை இரண்டாகப் பிரிந்து, கட்சிக்கு இரண்டு பேர் என நான்கு செனட்டர்களை அனுப்பியது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட செனட், 1890-இல் சாண்டர்ஸையும் தாமஸ் பவரையும் ஏற்றது. புதிய மாநிலத்தின் இரு செனட்டர்களும் பதவிக்காலத்துக்குச் சீட்டு எடுக்க வேண்டும். சாண்டர்ஸுக்கு 1893 மார்ச்சில் முடியும் சீட்டு, பவருக்கு 1895. 1893 சட்டமன்றத்தில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போய், அந்த நாற்காலி இரண்டு ஆண்டு காலியாகவே கிடந்தது.