நெஞ்சுவலி: வாயுவா, மாரடைப்பா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நேற்றிரவு சாப்பிட்டபின் நெஞ்செரிச்சலும் வியர்வையும் வந்தன. சோடா குடித்ததும் ஏப்பம் வந்து குறைந்துவிட்டது. வாயு என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடாது, இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதயத்தின் அடிச்சுவரைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் மட்டுமே தெரிவதுண்டு என்பதால், ஏப்பம் விட்டதும் வலி தணிந்தது என்பதை வைத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாட்பட்ட சர்க்கரை நோயில் நரம்புகள் மரத்துப்போவதால், வலியே இல்லாமல் மூச்சுத்திணறலோ களைப்போ மட்டும் வரலாம். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்த்தது என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்விக்குப் போகாமல் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். போதுமா?

பதில்: வலி இருந்தால் போதாது. ஈசிஜி காட்டுவது ஏறத்தாழ 10 விநாடி நேரத்து இதயத்தை மட்டுமே. இதயத்தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் புரதமும் உயர்வதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால், இரண்டு சோதனைகளையுமே இடைவெளி விட்டு மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

கேள்வி: வலி வந்தவுடன் இரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கலாமா? பலமாக இருமச் சொல்கிறார்களே?

பதில்: இருமுவதால் பயனில்லை. மருத்துவர் உங்களுக்கென எழுதித் தராத சார்பிட்ரேட்டையும் வைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடலாம். முதலில் 108-ஐ அழையுங்கள். நோயாளி வண்டி ஓட்டக் கூடாது. ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நல்லதா, அடைத்த குழாயைப் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி நல்லதா?

பதில்: இரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருக்கும்போது, கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் செய்ய முடியுமானால் ஆஞ்சியோபிளாஸ்டியே மேல். அதற்குள் அத்தகைய மருத்துவமனையை எட்ட முடியாத ஊர்களில், தடையேதும் இல்லையென்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனக்டிப்ளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸை உடனே போடுவதே சரி. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து அது. முதல் மூன்று மணி நேரத்தில்தான் அதன் பலன் மிக அதிகம். ஊசியால் வலி நின்றுவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள், இரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் ஆஞ்சியோகிராம் செய்து பார்க்க வேண்டும்.