கூத்து ஜமா, நாடகக் குழு, பறைக் குழு நடத்துவோருக்கு: பதிவு, கணக்கு, நிதி பற்றிக் கேள்வி பதில்

ஆடிட்டர் அலுவலகத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். அப்பா கூத்தில் முகவீணை வாசித்தவர். அதனால் கலைக்குழு என்று யார் வந்தாலும் கட்டணம் வாங்காமல் கணக்கு எழுதித் தருகிறேன், பதிவுக்கு மனு போட்டுத் தருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில்.

விழுப்புரம், கூத்துக் கலைஞர்: எங்க ஜமாவுல 14 பேர். பதிவு பண்ணலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். சங்கமா, டிரஸ்டா? 80ஜி வாங்கினா நன்கொடை கொட்டும்னு சொல்றாங்களே?

அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். விடிந்து வேஷம் கலைத்ததும் பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? வாத்தியாருக்கு இவ்வளவு, வேஷக்காரருக்கு இவ்வளவு, உடுப்புப் பெட்டிக்கு ஒரு பங்கு என்றுதானே? அப்படியானால் உங்கள் ஜமா ஒரு தொழில். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் லாப நோக்கமற்ற அமைப்பு என்று பதிந்துவிட்டால் மிச்சத்தைப் பங்கு போட முடியாது. செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கலாம், அவ்வளவுதான்.

80ஜி என்பது உங்களுக்கு அரசு தருகிற பணமில்லை. உங்களுக்கு நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகை. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கலை வளர்ப்பது வருமான வரிச் சட்டத்தில் பெரும்பாலும் 'பொதுப்பயன்' என்ற தலைப்பில் போய் விழும். அந்தத் தலைப்பில் இருப்பவர்களுக்குக் கட்டணம், டிக்கெட் மாதிரியான வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி ஆடினால்தான் அடுப்பு எரியும் என்கிற ஜமாவுக்கு ஆட்டக்கூலிதானே வரவே!

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஜமா, பங்குதாரர் ஒப்பந்தம் போட்டுத் தனி பான், தனி வங்கிக் கணக்கோடு தொழிலாகவே நடக்கட்டும். பிள்ளைகளுக்குக் கூத்து கற்றுக்கொடுப்பது, செல்லரிக்கும் பிரதிகளைப் படியெடுப்பது போன்ற வேலைகளுக்குத் தனியாக ஒரு சங்கம் வையுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகம், ஆளும் குறைவாகப் போதும், அலைச்சலும் குறைவு. ஆனால் நிறுவியவர் குடும்பத்தின் கையிலேயே நின்றுவிடும். நான் சங்கத்தையே சொல்வேன்.

எப்போதும் சொல்வதை இங்கும் சொல்கிறேன்: குழுப் பணம் ஒரு ஆளின் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. அப்பா இருந்த ஜமாவில் புது உடுப்புக்கென்று ஆறு வருடம் சேர்த்த பணம் வாத்தியார் பெயரில் வைப்புநிதியாக இருந்தது. அவர் சித்திரையில் போய்விட்டார். வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். பிள்ளைகள் நல்லவர்கள்தான், ஆனால் நாலு பேர், நாலு ஊர். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அந்த வருட ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. தோளில் கட்டும் புஜக்கட்டையில் கண்ணாடி உதிர்ந்த இடத்தில் சிகரெட் அட்டைத் தகட்டை ஒட்டிக்கொண்டு அர்ஜுனன் ஆடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கோவை, நாடகக் குழு: ஜிஎஸ்டி எடுக்கணுமா?

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் வேண்டாம். நாட்டுப்புற, செவ்வியல் நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் தொகை 1,50,000 வரை வரிவிலக்கு. நாடக டிக்கெட்டும் ஆளுக்கு 500 ரூபாய் வரை விலக்கு.

திருச்சி, நாடகக் குழு: 80ஜி வாங்க என்ன செய்யணும்?

விழுப்புரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

புதுச்சேரி, நடிகர்: ஒரு நிகழ்ச்சிக்குப் பேசிய தொகையில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, அது டிடிஎஸ். பணம் கொடுப்பவரே பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வரி. உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் வரிப்பிடிப்பு விவரம் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். கலைஞர்கள் பலர் ரிட்டர்ன் போடாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. அதுவும் உங்கள் கூலிதான், விடாதீர்கள்.

நாகர்கோவில், தோல்பாவைக்கூத்துக் குழு: சித்தப்பா கனடாவில் இருக்கார். எங்க சங்கத்துக்கு 3 லட்சம் அனுப்பறேங்கறார். வாங்கலாமா?

சித்தப்பா கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வையுங்கள். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் சங்கம் ஒரு ரூபாயும் தொடக் கூடாது. பதிவு கேட்க 3 வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த 3 வருடத்தில் குறைந்தது 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். சிறு குழுவுக்கு எட்டாத உயரம். ஆனால் கனடாத் தமிழ்ச் சங்கம் உங்களை ஆடக் கூப்பிட்டுப் பில்லுக்குக் கூலி கொடுத்தால் அது நன்கொடையாகாது, தாராளமாக வாங்கலாம். அன்பால் அனுப்பும் பணம் உங்களை வழக்கில் மாட்டிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வந்தவாசிப் பக்கம், கூத்து வாத்தியார்: தாம்பூலம் மாத்தினா ஆட்டம் உறுதி. என் தாத்தா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். நீங்க ஒப்பந்தம் எழுதச் சொல்றதா பசங்க சொல்றாங்க. ஊர்ப் பெரியவர்கிட்ட காகிதத்தை நீட்டினா, 'எங்களை நம்பலையா'ன்னு கேக்க மாட்டாரா? கலையைக் கம்பெனி ஆக்காதீங்க.

வாத்தியார் ஐயா, வாக்கின் மதிப்பு எனக்கும் தெரியும். ஆனால் தாம்பூலம் கொடுத்த தர்மகர்த்தா அடுத்த மாசம் மாறிவிடுகிறார். புதிதாக வந்தவர் 'நான் பேசலையே' என்கிறார். அப்போது யாரிடம் போவீர்கள்?

(இதைப் போட்டதும் வாத்தியாருக்கு ஆதரவாகப் பலர் வந்தார்கள். சேலத்துப் பொம்மலாட்டக்காரர் ஒருவர், காகிதம் கேட்டதால் இரண்டு ஊர் கைவிட்டுப் போனதாக எழுதினார். ஏஜெண்டுகள்தான் அச்சாரத்தை அமுக்குகிறார்கள், ஊர்க்காரர்கள் அல்ல என்றார் இன்னொருவர். அப்புறம் மதுரையிலிருந்து வந்தது இது.)

மதுரை, பெண்கள் பறைக் குழு: தாம்பூலத்தைப் பத்திப் பேசுறீங்க. எங்களுக்கு யாருங்க தாம்பூலம் தந்தா? எங்க அப்பா சாவுக்கு அடிக்கப் போனா காசைத் தரையிலதான் வைப்பாங்க. இன்னைக்கு நாங்க காகிதத்துல தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் மேடை ஏர்றோம். எங்களுக்கு அந்தக் காகிதம்தான் மரியாதை.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை தங்கச்சி. வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். அரைப் பக்கம் போதும்: தேதி, ஊர், என்ன கதை, எத்தனை மணிக்குத் தொடக்கம், தொகை, அச்சாரம், மழையால் நின்றால் எவ்வளவு, வேன் யார் செலவு, சாப்பாடு எத்தனை பேருக்கு. இரண்டு படி எழுதுங்கள். வெற்றிலை பாக்குத் தட்டிலேயே மடித்து வையுங்கள். தட்டை வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குவார்.

வந்தவாசி வாத்தியார்: மதுரைப் பொண்ணு சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. தட்டுல வைக்கலாம். கையெழுத்தை எம் மவன் போடட்டும்.

தஞ்சாவூர், தவில் கலைஞர்: பண உதவி எங்கே கிடைக்கும்?

உங்கள் ஊரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். சென்னையில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். நாட்டுப்புறக் கலைஞராக இருந்தால் நல வாரிய அட்டை கட்டாயம் எடுங்கள். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் 1995-லிருந்து தனி ஆளுக்கும் நல்கை தருகிறது. நாடகக் குழு நடத்துவோருக்கு நிர்வாகம் சொல்லித்தர ஸ்மார்ட் என்ற பயிற்சியைத் தொடங்கியதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்திலும் பாரம்பரியக் கலைக்கு இடமுண்டு, ஆனால் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி பதிவில்லாமல் அந்தக் கதவு திறக்காது.

ஈரோடு, நாடகக் குழு: 80ஜி சீக்கிரம் வாங்க வழி?

இது இந்த வாரத்தில் ஒன்பதாவது. தயவுசெய்து மேலே படியுங்கள். சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால், 80ஜி இருந்தாலும் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது.

மதுரை, பெண்கள் பறைக் குழு: இன்னொண்ணு கேக்கணும் அண்ணே. நாங்க 5 பேர்தான். சங்கத்துக்கு 7 வேணும்கிறீங்க. இப்போதைக்குக் காசெல்லாம் என் ஜிபேக்குத்தான் வருது.

பறை அடிப்பவர்தான் உறுப்பினராக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒத்திகைக்கு இடம் தரும் டீச்சர், உங்கள் கணக்கு நோட்டை எழுதும் தங்கை என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் வருவதெல்லாம் இன்றைய நிலையில் உங்கள் சொந்த வருமானமாகத்தான் தெரியும். அதனால் யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுத்தீர்கள் என்று இன்றிலிருந்தே தேதி போட்டு எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். முதல் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில், 'வங்கிக் கணக்கை இருவர் கூட்டாக இயக்குவர்' என்ற வரியை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மீதி மனுவை நான் நிரப்பித் தருகிறேன்.