பாசியும் காளானும் பங்காளிகளா?

மேலூர் தம்பி: டீச்சர், தகாகியா என்ற அபூர்வ மாஸ் (moss, பாறையில் வெல்வெட் மாதிரி படரும் சின்னச் செடி) பற்றிப் படித்தேன். நம்ம ஊர் புற்றுக்காளானுக்கு அது சொந்தமா? இரண்டும் ஈரத்தில்தானே வருகின்றன?

பதில்: ஈரம் பிடிக்கும், விதை கிடையாது, தூள் மாதிரி வித்துகளால் பரவும். ஒற்றுமை அவ்வளவுதான். மாஸ் ஒரு செடி. பச்சையத்தை வைத்து வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். காளான் செடியே இல்லை. அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். பரம்பரையைப் பார்த்தால் செடிகளைவிட நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

தகாகியாவில் உலகத்திலேயே இரண்டு இனங்கள்தான். திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேலே, வருஷத்தில் பல மாதம் பனிக்கடியில் கிடக்கும். 1958-இல் அந்தப் பெயர் வைத்தபோது அதை மாஸ் என்றே யாரும் நினைக்கவில்லை. 1990-களில் வித்துப்பையோடு கிடைத்த பிறகுதான் விஷயம் தெளிவானது.

உசிலம்பட்டி அக்கா: சிப்பிக்காளான் மாதிரி புற்றுக்காளானையும் வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: அது கறையானின் விவசாயம் அக்கா, நமக்கு வசப்படவில்லை. கறையான் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அந்தக் கழிவில் கடற்பஞ்சு மாதிரி ஒரு மெத்தை கட்டுகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது. கறையான் அதையே சாப்பிடுகிறது. மழை பெய்ததும் அங்கிருந்து மேலே வருவதுதான் நீங்கள் பறிக்கும் குடை. அதனால்தான் பிடுங்கினால் வேர் மாதிரி நீளமாக வருகிறது. புற்றைத் தோண்டாமல் மேலோடு பறியுங்கள். தெரியாத காளானை மட்டும் தயவுசெய்து சமைக்காதீர்கள்.

அழகர்கோவில் வாசகர்: நூபுர கங்கைக்குப் போகும் வழியில் பாறை மேல் வெல்வெட் மாதிரி இருப்பது பாசியா?

பதில்: அது மாஸ். தெப்பக்குளத் தண்ணீரில் மிதப்பதுதான் பாசி. கோடையில் பாறையில் கருகிக் கிடப்பதைச் செத்துவிட்டது என்று சுரண்டாதீர்கள். ஒரு மழைக்கு மறுபடி பச்சையாகும்.

மதுரை, சமையல்காரர் ஒருவர்: அப்படியென்றால் பிரியாணிக்குப் போடும் கல்பாசி?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி! அது மாஸும் இல்லை, வெறும் பாசியும் இல்லை, லைக்கன். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, உள்ளே குடியிருக்கும் பாசி சமைத்துப் போடுகிறது. ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேல் தோலும் கறுப்பான அடிப்பக்கமும் பூஞ்சை. மேல் தோலுக்குக் கீழே மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு தெரியும், அதுதான் பாசி.