சாக்குக் கழிவும் பந்தய விலையும்: வாசகர் கேள்வி – பதில்

உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு முன் வெளியாகும் புள்ளிவிபர முன்கணிப்புகளை எப்படி வாசிப்பது என்று கேட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. யார் வெல்வார் என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. கணக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம்.

தலவாக்கலை வாசகர்: ஐயா, ஒரு முன்கணிப்பில் சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு வெற்றி வாய்ப்பு 49 வீதம் என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே, வரக்கூடிய முடிவு 1–1 என்றும் இருந்தது. வெல்லும் என்பதும் சமநிலை என்பதும் ஒரே பக்கத்தில் எப்படி வர முடியும்?

வரலாம். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவைதாம். இத்தகைய முன்கணிப்புகளில் பெரும்பாலானவை பொய்சான் பரவல் என்னும் பழைய நிகழ்தகவுச் சூத்திரத்தின் மேல் நிற்கின்றன. உதைபந்தாட்டக் கோல்களுக்கு அதைப் பொருத்திக் காட்டிய முக்கிய ஆய்வு மேஹர் என்பவரால் 1982இல் வெளியிடப்பட்டது. சொந்த மைதான அணி அந்தப் போட்டியில் சராசரியாக 1.6 கோலும் எதிரணி 1.1 கோலும் போடும் என்று கணித்தால், முதல் அணி ஒரு கோல் மட்டும் போட 32.3 வீத வாய்ப்பும் எதிரணி ஒரு கோல் மட்டும் போட 36.6 வீத வாய்ப்பும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் 1–1 என்ற முடிவுக்கு 11.8 வீதம் வரும். 1–0 என்பதற்கு 10.8, 2–1 என்பதற்கு 9.5, 2–0 என்பதற்கு 8.6. தனித்தனியாகப் பார்த்தால் 1–1தான் முதலிடம். ஆனால் சொந்த அணி வெல்லும் முடிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் 49 வீதம் ஆகிறது. சமநிலைகள் எல்லாம் சேர்ந்து 25, எதிரணி வெற்றிகள் 26. ஊரில் மிகப் பெரிய தனிக் குடும்பம் ஒன்று இருக்கலாம், அதற்காக ஊரில் பாதிப் பேர் அந்தக் குடும்பத்தவர் ஆகிவிட மாட்டார்கள். ‘வரக்கூடிய முடிவு 1–1’ என்று தடித்த எழுத்தில் போடுகிறவர்கள், அது எட்டுக்கு ஒரு தடவைகூட வராத முடிவு என்பதையும் பக்கத்தில் போட்டால் நல்லது. போடமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சூத்திரம் இரு அணிகளின் கோல்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகக் கொள்கிறது. மைதானத்தில் அப்படி நடப்பதில்லை. 0–0, 1–1 போன்ற சிறிய சமநிலைகள் சூத்திரம் சொல்வதைவிடச் சற்று அதிகமாகவே வருகின்றன. டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் 1997இல் இதற்கு ஒரு திருத்தத்தை முன்வைத்தார்கள். அண்மைப் போட்டிகளுக்குக் கூடுதல் எடையும் பழையவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுக்கும் முறையும் அவர்களுடைய ஆய்வில்தான் உள்ளது. நீங்கள் வாசிக்கும் முன்கணிப்பு அந்தத் திருத்தத்தைச் செய்ததா என்பதை அநேகமாக எங்கும் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பண்டாரவளை வாசகர்: வெற்றிக்கு 2.10, சமநிலைக்கு 3.40, தோல்விக்கு 3.60 என்று ரேட் போடுகிறார்கள். மூன்றில் ஏதாவது ஒன்று வந்தேயாக வேண்டும், வந்தால் காசு கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் பந்தயம் பிடிக்கும் புக்கிக்காரருக்கு இதில் என்ன மிஞ்சுகிறது?

2.10 என்ற ரேட், அதாவது விலை, என்றால் ஒரு ரூபா வைத்து வென்றால் 2.10 ரூபா திரும்பும். நூறை ஒவ்வொரு ரேட்டாலும் பிரித்துப் பாருங்கள். 47.6, 29.4, 27.8 என்று வரும். கூட்டினால் 100 அல்ல, 104.8. அந்த 4.8தான் அவருக்கு மிஞ்சுவது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் மழை நாளில் ஈரத்துக்கென்றும் தராசு முள் நிற்பதற்கு முன்பே சில கிலோ கழிந்துவிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழிவை நீக்கிச் சரிசெய்தால் அந்த விலைகள் உண்மையில் சொல்லும் வாய்ப்புகள் 45.4, 28.1, 26.5 வீதம் ஆகும். இந்த வாய்ப்புகள் சரியானவை என்றால், 1,000 ரூபாவை எந்தப் பக்கம் வைத்தாலும் நீண்ட காலத்தில் சராசரியாகத் திரும்பி வருவது 954 ரூபாதான்.

இனித் தலவாக்கலை வாசகரின் 49 வீதத்தை இங்கே கொண்டுவந்து வைப்போம். 49 வீதம் உண்மையென்றால் 2.10 என்ற விலை இலாபமானது. 1,000 ரூபாவுக்குச் சராசரியாக 29 ரூபா மிச்சம். முன்கணிப்பு எழுதுகிறவர்கள் ‘இதில் பெறுமதி இருக்கிறது’ என்று சொல்வது இந்த 29 ரூபாவைத்தான். ஆனால் அந்த 49 எங்கிருந்து வந்தது? 1.6 என்ற சராசரியிலிருந்து. அதை 1.5 என்று மாற்றி அதே கணக்கைப் போட்டால் வெற்றி வாய்ப்பு 46.4 வீதமாகச் சுருங்கி, 29 ரூபா மிச்சம் 25 ரூபா நட்டமாக மாறிவிடுகிறது. 0.1 கோல் என்பது எவ்வளவு? இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி சொந்த மைதானத்தில் 19 போட்டிகள் ஆடுகிறது. அந்தப் பத்தொன்பதிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு கோல். கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும் நடுவர் கொடுக்காமல் விட்ட ஒரு பெனால்டியும் போதும், இலாபம் என்று எழுதிய இடத்தில் நட்டம் என்று எழுத வேண்டியதாகிவிடும். என்னைக் கேட்டால், முன்கணிப்பு ஒன்றில் முதலில் தேட வேண்டியது அந்தச் சராசரியை எத்தனை போட்டிகளிலிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான். ‘கடந்த ஐந்து போட்டிகள்’ என்று இருந்தால் அதன் பிறகு தசமத்தில் எழுதியிருக்கும் எதற்கும் மதிப்பில்லை.

ஹட்டன் வாசகர்: 2022 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆர்ஜென்டீனா வெல்லும் என்று என் மச்சான் காசு வைத்தார். ஆர்ஜென்டீனா கிண்ணத்தைத் தூக்கியது, ஆனால் மச்சானுக்குச் சதமும் கிடைக்கவில்லை. பந்தயத் துண்டைக் காட்டிச் சண்டை பிடித்துப் பார்த்தும் பயனில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை என்றே தோன்றுகிறது. வெற்றி, சமநிலை, தோல்வி என்ற மூன்று விலை கொண்ட பந்தயம் வழக்கமாக 90 நிமிடத்தோடும் நடுவர் சேர்க்கும் நிமிடங்களோடும் முடிந்துவிடும். மேலதிக நேரமும் பெனால்டிகளும் அதில் அடங்கா. அன்றிரவு எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 79 நிமிடம் வரை 2–0 என்று ஆர்ஜென்டீனா முன்னிலையில் இருந்தது. அதன்பின் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே 80ஆம் நிமிடத்தில் பெனால்டியில் ஒன்றும் அடுத்த நிமிடமே இன்னொன்றும் அடித்தார். 90 நிமிட முடிவு 2–2. மேலதிக நேரத்தில் 3–3 ஆகி, பெனால்டியில் 4–2 என்று ஆர்ஜென்டீனா வென்றதெல்லாம் மச்சானுடைய துண்டைப் பொறுத்தவரை போட்டி முடிந்த பிறகு நடந்தவை. கிண்ணத்தை வெல்வது யார் என்பது வேறு பந்தயம், அதற்கு வேறு விலை, அதுவும் எப்போதும் குறைந்த விலையாகவே இருக்கும். வெளியேற்றச் சுற்றுப் போட்டிகளுக்கான முன்கணிப்புகளில் இந்த இரண்டையும் குழப்பி எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. மச்சான் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

நாவலப்பிட்டி வாசகர்: அதே உலகக் கிண்ணத்தில் 36 போட்டிகளாகத் தோல்வி காணாத ஆர்ஜென்டீனா சவூதி அரேபியாவிடம் தோற்றதே. புள்ளிவிபரம் அன்று எங்கே போனது?

புள்ளிவிபரம் தோற்கவில்லை, அதை வாசித்த விதம் தோற்றது. 2022 நவம்பர் 22 அன்று, இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கு, அந்தப் போட்டி தொடங்கியது. மெஸி பெனால்டியில் முதல் கோலைப் போட்டார். இடைவேளைக்கு முன் ஆர்ஜென்டீனா பந்தை வலைக்குள் அடித்த மூன்று தடவைகள் ஓஃப்சைட் என்று நிராகரிக்கப்பட்டன. சவூதி அணி ஆட்டம் முழுவதிலும் கோலை நோக்கி மூன்றே மூன்று தடவைகள்தான் அடித்தது. அவற்றில் இரண்டு கோலாயின. தோல்வி காணாத 36 போட்டிகள் என்பது முடிவுகளின் பட்டியல். சமநிலைகளும் அதற்குள் ஒளிந்திருக்கும், எதிரணியின் தரம் அதில் தெரியாது. அதைவிடப் பயனுள்ள எண், ஓர் அணி உருவாக்கும் வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் ‘எதிர்பார்க்கப்படும் கோல்’ என்ற கணக்கு. பெனால்டி நான்கில் ஏறத்தாழ மூன்று தடவை கோலாகிறது என்பதால் அதற்கு முக்காலுக்குச் சற்று மேலான மதிப்பு. முப்பது மீற்றருக்கு அப்பாலிருந்து அடிக்கும் உதைக்கு நூறில் சில பங்குதான். உதைகளை வெறுமனே எண்ணுவது முற்றிய கரட்டு இலையையும் கொழுந்தையும் ஒரே கூடையில் போட்டு நிறுப்பதற்குச் சமம். 2014இல் ஜேர்மனியிடம் 1–7 என்று தோற்ற அன்றும் பிரேசிலே கூடுதலான உதைகளை அடித்தது, பந்தும் சற்றுக் கூடுதலான நேரம் பிரேசிலிடமே இருந்தது.

நுவரெலியா வாசகர்: சொந்த மைதானத்தில் ஆடுவது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விடயமா? எங்கள் ஊருக்குக் கொழும்பிலிருந்து வரும் அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உலக மட்டத்திலும் உயரம் கணக்கில் வருமா?

வரும், ஆனால் முதலில் பார்வையாளர்களைப் பார்ப்போம். பிரீமியர் லீக்கில் வழக்கமாகச் சொந்த மைதான அணியே அதிகமான போட்டிகளில் வெல்லும். கொரோனாக் காலத்தில் பெரும்பாலும் வெற்று மைதானங்களில் நடந்த 2020–21 பருவத்தில் 380 போட்டிகளில் சொந்த அணிகள் 144ஐயும் வந்த அணிகள் 153ஐயும் வென்றன. அதே புல், அதே உடைமாற்றும் அறை, அதே பயணத் தூரம். இல்லாமற் போனது கூச்சல் மட்டுந்தான். பழைய சொந்த மைதானச் சராசரிகளை அந்தப் பருவத்தில் அப்படியே பயன்படுத்திய முன்கணிப்புகள் தொடர்ந்து ஒரே பக்கமாகப் பிழைத்தன.

உயரத்துக்குப் பொலிவியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. உங்கள் நுவரெலியா 1,868 மீற்றர். லாபாஸ் மைதானம் ஏறத்தாழ 3,600. அங்கே 2009 ஏப்ரல் முதலாம் திகதி, மரடோனா பயிற்றுவித்த, மெஸி ஆடிய ஆர்ஜென்டீனாவைப் பொலிவியா 6–1 என்று தோற்கடித்தது. திகதியைப் பார்த்துவிட்டு விளையாட்டுக்குச் சொன்ன செய்தி என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் பந்து வேகமாகப் பறக்கிறது, வந்தவர்களின் கால்களோ நகர மறுக்கின்றன. 2,500 மீற்றருக்கு மேல் சர்வதேசப் போட்டிகள் நடத்தக்கூடாது என்று பீபா 2007இல் தடை விதித்து, எதிர்ப்பு வலுத்தபின் 2008இல் அதை நிறுத்திவைத்தது. 2024 முதல் பொலிவியா இன்னும் மேலே, 4,000 மீற்றரைத் தாண்டிய எல் ஆல்ட்டோவுக்குத் தன் தகுதிகாண் போட்டிகளைக் கொண்டுபோனது. அதே அணி வெளியூரில் தகுதிகாண் போட்டியொன்றை வெல்வது அரிது. ஆகவே பொலிவியாவின் உள்ளூர், வெளியூர் ஆட்டங்களை ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடும் முன்கணிப்பில் வரும் எண், இரண்டு பொலிவியாவில் எதற்குமே பொருந்தாது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: என் மகன் எட்டுப் போட்டிகளை ஒரே துண்டில் சேர்த்துப் போடுகிறான். எல்லாமே பெரிய அணிகள், தோற்கவே மாட்டா என்கிறான். ஏழு சரியாக வந்து ஒன்று மட்டும் பிழைத்ததாக இரண்டு முறை சொல்லிவிட்டான்.

அம்மா, மகன் பொய் சொல்லவில்லை. அந்தத் துண்டு வேலை செய்யும் விதமே அதுதான். ஒவ்வொரு போட்டியிலும் வெல்ல 70 வீத வாய்ப்பு என்று வைத்தாலும் எட்டும் சேர்ந்து வருவதற்கு 5.8 வீதந்தான், அதாவது 17 துண்டுகளுக்கு ஒன்று. எட்டில் ஏழு சரியாக வந்தால் இங்கே அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், கூடப் போடமாட்டார்கள். மேலே பண்டாரவளை வாசகருக்குச் சொன்ன கழிவும் ஒவ்வொரு போட்டிக்கும் ஒருமுறை என்று எட்டுத் தடவைகள் விழுகிறது. ஒரு போட்டிக்கு 1,000 ரூபாவில் 954 திரும்புகிறது என்றால், எட்டைச் சேர்த்த துண்டில் சராசரியாகத் திரும்புவது 686 ரூபா. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து 0.954ஐ எட்டுத் தடவை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், கைத்தொலைபேசியிலேயே போடலாம்.

பதுளை வாசகர்: வாட்ஸ்அப்பில் ஒருவர் மூன்று கிழமைகளாகச் சரியான முடிவை முன்கூட்டியே அனுப்பினார். நான்காவதற்குப் பணம் கேட்கிறார். ‘முடிவு முன்பே நிச்சயிக்கப்பட்ட போட்டி’ என்கிறார்.

அவர் எத்தனை பேருக்கு அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரியாது. 729 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெற்றி, ஒன்றுக்குச் சமநிலை, ஒன்றுக்குத் தோல்வி என்று அனுப்பினால், எது வந்தாலும் 243 பேருக்குச் சரியாக வந்திருக்கும். அடுத்த கிழமை அவர்களை அதேபோலப் பிரித்தால் 81 பேர், மூன்றாவது கிழமை 27 பேர். உதைபந்தாட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், அந்த 27 பேருக்கு ஞானியாகத் தெரிவார். நீங்கள் இருபத்தேழில் ஒருவர். உண்மையிலேயே முடிவை நிச்சயித்த போட்டி என்றால் அது இன்னும் மோசம்: விளையாட்டுத் தொடர்பான குற்றங்களைத் தடுக்க 2019இல் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்ட 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குப் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பொகவந்தலாவை வாசகர்: காலையில் வாசித்த முன்கணிப்பு இரவுப் போட்டிக்குப் பொருந்துமா?

அணியின் பதினொரு பேர் பட்டியல் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே வெளியாகிறது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சனி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் போட்டி நமக்கு இரவு எட்டரை, ஆகவே பட்டியல் ஏழரை மணிக்குள் கிடைக்கும். முதன்மைக் கோல்காப்பாளர் அதில் இல்லையென்றால் விலைகள் சில நிமிடங்களில் மாறிவிடும். காலையில் எழுதியது அப்படியேதான் இருக்கும்.